தங்கசாலையிலிருந்து கேப்பர் மலை வரை: ஒரு பத்திரிகைக்காரரைத் தேடி

வெள்ளி, திருவையாறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்குப் பஸ்ஸில் பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் காவிரி வருகிறது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "தியாகையர் சமாதிக்கா போறீங்க?" என்று கேட்டார். வெளியூர்க்காரர் இங்கே வந்தால் ஐயாறப்பர் கோயிலுக்கு வருவார், இல்லையென்றால் தியாகையருக்காக வருவார். நான் ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறந்த ஊரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் பெயர் பிடிபடவில்லை. "'இந்து' பேப்பரை ஆரம்பிச்சவர்மா, 'சுதேசமித்திர'னும் அவருதான்" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஊரா! எங்க தாத்தா மித்திரன் வராம காப்பி குடிக்க மாட்டாரு" என்றார்.

1855 ஜனவரி 19 அன்று பிறந்தவர். அப்பா கணபதி தீட்சிதர் இங்கே முன்சீப் கோர்ட்டில் வக்கீல். பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் படித்து 1871-ல் மெட்ரிக்குலேஷன், அப்புறம் எஃப்.ஏ., பிறகு ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னை. காவிரிக்கரை வாழ்க்கை அதோடு முடிந்தது.

புஷ்ய மண்டபப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் அவர் பெயரைத் தாங்கிய பலகையோ கல்வெட்டோ என் கண்ணில் படவில்லை. தேர்முட்டியில் இரண்டு பெரியவர்களிடம் விசாரித்தேன். ஒருவருக்குப் பெயர் தெரிந்திருந்தது, வீடு எந்தத் தெருவில் என்று தெரியவில்லை. தமிழில் முதல் நாளிதழை நடத்திய மனிதர் அவர். எனக்கு மனசு கேட்கவே இல்லை.

அசோகா அல்வா வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் திரும்பினேன். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்.

சனி, சென்னை, தங்கசாலைத் தெரு

எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு நேராகத் தங்கசாலைத் தெரு. அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக்கே கறுப்பர் நகரம் என்று பெயர். இன்று பாத்திரக் கடை, எவர்சில்வர், சேலை, நடுவில் நுழையும் மீன்பாடி வண்டி. இந்தத் தெருவில் ஸ்ரீநிதி அச்சகம் என்று ஒன்று இருந்தது. 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து'வின் முதல் இதழ் அங்கேதான் அச்சானது. எண்பது பிரதிகள். செலவுக்குக் கடன் வாங்கிய பணம் ஒன்றே முக்கால் ரூபாய். விலை நாலணா. வார இதழ், எட்டுப் பக்கம்.

அந்தக் கடனை வாங்கிப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள் ஆறு பேர். சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள். டி.டி. ரங்காச்சாரி, பி.வி. ரங்காச்சாரி, கேசவராவ் பந்த், சுப்பாராவ் பந்துலு நால்வரும் சட்ட மாணவர்கள். ஐயருக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவர்களைக் கிளப்பிவிட்டது ஒரு நியமனம். டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகப் போட்டார்கள். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதை வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகளால் ஜீரணிக்க முடியவில்லை. எழுதித் தள்ளினார்கள். பதில் சொல்ல இந்தியருக்கு ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே எழுந்த சண்டைக்கு இந்தத் தெருவில் பதில் அச்சாகியிருக்கிறது.

ஸ்ரீநிதி அச்சகம் எந்தக் கட்டடம் என்று கேட்டுக் கேட்டு அலைந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் சந்துக்குள் ஒரு சின்ன அச்சகம் அகப்பட்டது. இப்போது கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் ஆஃப்செட்டில் அடிக்கிறார்கள். மூலையில் காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு இயந்திரம் ஒன்று சாக்கு போர்த்தி நிற்கிறது. உரிமையாளரின் அப்பாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், அந்தக் காலத்துக் கம்பாசிட்டர், அச்சுக்கு எழுத்து கோத்தவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் ஒரு மரக் கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்துத் தொடும்மா, ஈயம். அப்புறம் கைய கழுவிக்கோ."

கட்டம் கட்டமாக எழுத்துகள். க ஒரு கட்டம், கா-வுக்குத் துணைக்கால் தனி, கி ஒரு கட்டம், கு ஒரு கட்டம். எண்ணி முடியாது. இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே வலது கையால் பொறுக்கி, 'சுதேசமித்திரன்' என்று கோத்துக் காட்டினார். எழுத்துகள் இடவலம் மாறி நின்றன. எனக்கு வாசிக்க வரவில்லை. அவர் விரலால் தடவியே படித்தார். ஒரு பக்கம் கோக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "சின்ன டைப்பா இருந்தா ஒரு ஆளுக்கு ஒரு நாளு போயிரும். புரூஃப்ல தப்பு வந்தா இன்னும் இழுக்கும். அச்சடிச்சு முடிச்சதும் எல்லாத்தையும் பிரிச்சு அதுஅது கட்டத்துல போடணும்ல? அதுதாம்மா பெரிய வேலை."

1899-ல் சுதேசமித்திரன் நாளிதழானபோது இந்த வேலை தினமும் நடந்திருக்க வேண்டும். ராஜத்துரோகக் கட்டுரை என்று நாம் பேசுகிற ஒவ்வொன்றும் இப்படி விரல் நுனி கறுத்த யாரோ ஒருவர் எழுத்து எழுத்தாகப் பொறுக்கியதுதான். அவர்கள் பெயர் எந்த வழக்குக் கட்டிலும் இல்லை, எந்த வாழ்க்கை வரலாற்றிலும் இல்லை. பெரியவரிடம் விடைபெறும்போது அவர் கோத்த வரியை நூலால் கட்டிக் கையில் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு, திருவல்லிக்கேணி

காலையில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி நடந்தேன். ஐயர் இங்கே ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நினைவில்லமாக இருக்கிறது. தேசியப் பத்திரிகை வரலாற்றில் பாதி இந்த நாலு தெருவுக்குள் அடங்கிவிடும்.

'இந்து' 1883-ல் வாரம் மூன்று முறை வரத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மவுண்ட் ரோடு 100-ம் எண்ணுக்குச் சொந்த அச்சகத்தோடு குடிபோனது. 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ். இதற்கு நடுவில் 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு. அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஐயர்தான். இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் வேண்டும் என்று கேட்ட தீர்மானம் அது. 1897-ல் இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல லண்டனுக்கும் போனார்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய மகள் சிவப்பிரியாவின் கதை. சின்ன வயதிலேயே கல்யாணம், சின்ன வயதிலேயே கணவன் இறந்துவிட்டான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். மூலையில் உட்கார வைத்து வாழ்நாளை முடித்துவிடுவார்கள். பெண் மறுமணத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர், 1889-ல் பம்பாய் காங்கிரஸ் சமயத்தில் தன் மகளுக்கே மறுமணம் செய்துவைத்தார். சொந்த ஜாதிக்காரர்கள் தள்ளிவைத்தார்கள். உறவு அறுந்தது. சர்க்காரை எதிர்த்து எழுதியபோது கைதட்டியவர்களில் பலர் இதற்குக் கதவைச் சாத்தினார்கள். ராஜத்துரோகத்துக்குத் தண்டனை தரும் 124-ஏ பிரிவைச் சந்திப்பதற்கு வேண்டிய துணிச்சல் ஒரு வகை, சொந்தத் தெருவில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீட்டில் வருஷக்கணக்கில் வாழ்வதற்கு வேண்டியது வேறு வகை. இரண்டாவதுதான் கடினம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் வாயால் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தமும் உண்டு.

சீர்திருத்தம் பற்றி அவர் விடாமல் எழுதியது பத்திரிகையின் வாசகரிடையேயும் கூட்டாளியிடமும் கசப்பை வளர்த்தது. 1898-ல் 'இந்து'விலிருந்து விலகினார். வீரராகவாச்சாரியார் 'இந்து'வை வைத்துக்கொண்டார். ஐயர் தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1882-ல் வார இதழாகத் தொடங்கியிருந்த சுதேசமித்திரனை. ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் என்றால் கவர்னர் மாளிகை வரை மரியாதை. தமிழ்ப் பத்திரிகைக்கு அன்றைக்கு அந்த மதிப்பு இல்லை, விளம்பரமும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் அந்தப் பக்கம் முழுதாகத் திரும்பியதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு. முதல் தீர்மானத்தைத் தெரிந்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை.

அதைப் பெரிய முடிவு என்று சொல்லக் காரணம், சர்க்கார் பயந்தது தாய்மொழிப் பத்திரிகைக்குத்தான். 1878 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறிவைத்தது. ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடவில்லை. அதிலிருந்து தப்பிக்கக் கல்கத்தாவில் 'அமிர்த பஜார் பத்திரிகா' ராத்திரியோடு ராத்திரியாக ஆங்கிலத்துக்கு மாறியது. ரிப்பன் பிரபு காலத்தில், 1882-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. படித்தவர் நூறு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைச் சர்க்கார் பொறுத்துக்கொள்ளும். திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதை அதனால் பொறுக்க முடியாது.

1904 நவம்பரில் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இருபத்தோரு வயதுப் பையனைச் சுதேசமித்திரனுக்கு உதவியாசிரியராக அழைத்து வந்தார் ஐயர். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது வேலை. அந்தப் பையன்தான் பாரதி. நம் மொழியின் மகாகவி பத்திரிகை ஆபீஸில் தந்திச் செய்தி பெயர்த்துப் பழகியவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கும். அந்த வேகமும் எளிமையும் அங்கே வந்தவை என்று உறுதியாக நம்புகிறேன்.

திங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகம்

முன்பே அனுமதிக்கு எழுதியிருந்தேன். சிவப்புக் கட்டடம், உயர்ந்த கூரை, பழைய காகித வாசனை. நான் கேட்டிருந்தது சென்னை மாகாண சுதேசப் பத்திரிகைகளைப் பற்றிய வார அறிக்கைகளை.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது என்று மாகாணத்தில் வெளிவந்த பத்திரிகைகளைச் சர்க்காரின் மொழிபெயர்ப்பாளர்கள் வாரந்தோறும் படித்து, தேவையான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, ரகசியம் என்று போட்டு அச்சடித்து அதிகாரிகளுக்குச் சுற்றுக்கு விட்டார்கள். பத்திரிகையின் பெயர், தேதி, கீழே சாரம். அவ்வளவுதான். வரி, போலீஸ், ரயில்வே, சுதேசி இயக்கம் என்று தலைப்புவாரியாகப் பிரித்திருக்கும். 1908-ம் வருஷத் தொகுதியைப் புரட்டினேன். தாள் ஓரம் விரலில் உதிர்கிறது.

இதைப் படிக்கும்போது நெஞ்சை அடைத்த விஷயம் ஒன்று உண்டு. ஐயர் காலத்துச் சுதேசமித்திரன் இதழ்களில் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. வாங்கிப் படித்த வீடுகள் எடைக்குப் போட்டுவிட்டன, நூலகங்கள் சேர்க்கவில்லை. ஐயரின் பல தலையங்கங்கள் நமக்குக் கிடைப்பது, அவரை உள்ளே தள்ள வழி தேடியவர்கள் எடுத்து வைத்த ஆங்கிலச் சுருக்கமாக மட்டுமே. தமிழில் அவர் எழுதிய வாக்கியம் போய்விட்டது. நாம் பாதுகாக்காததைப் போலீஸ் பாதுகாத்திருக்கிறது. வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைக் கட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், ஏதாவது ஆய்வு நூலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

1908-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச்சில் வ.உ.சி. கைதும் திருநெல்வேலிக் கலவரமும். ஜூனில் பத்திரிகைகளுக்கு எதிராக ஒரு புதுச் சட்டம். வன்முறையைத் தூண்டுவதாகச் சொல்லி அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம். ஜூலையில் வ.உ.சி.க்குத் தண்டனை, அதே மாதம் பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம். ஆகஸ்டில் சென்னையின் முறை வந்தது. குற்றாலத்தில் ஓய்வுக்காகத் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். 'இந்தியா' வாரப் பத்திரிகையின் மேலும் வழக்குப் பாய்ந்தது.

'இந்தியா'வை 1906 முதல் நடத்திக்கொண்டிருந்தவர் பாரதி. ஆனால் சர்க்கார் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த பெயர் எம். சீனிவாசன். 1867-ம் வருஷச் சட்டப்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் பெயரைப் பதிந்தாக வேண்டும். வழக்கு வந்தால் முதலில் பிடிபடுவது அந்தப் பெயர்தான். பிடிபட்டார். ஐந்து வருஷச் சிறை. பாரதி நண்பர்கள் சொல்படி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் புதுச்சேரியில் எழுதியதெல்லாம் நமக்கு இல்லை. ஆனால் அந்தக் கவிதைகளுக்கு விலையாக ஐந்து வருஷத்தை வேறொருவர் கொடுத்திருக்கிறார். எட்டயபுரத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் போகும் நாம் சீனிவாசன் பெயரையும் ஒரு முறை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஐயர் உடல்நிலை அப்போதே மோசம். தோல்நோய் முற்றியிருந்தது. நன்னடத்தைக்கு உறுதி கொடுத்து வெளியே வந்தார். இதை அவருடைய தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. முப்பது வருஷம் ஓயாமல் எழுதிய, உடம்பு புண்ணாகிக் கிடந்த ஒரு மனிதரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 1916 ஏப்ரல் 18 அன்று இறந்தார்.

செவ்வாய், புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ். மரக்காணம் தாண்டியதும் உப்பளம், அப்புறம் கோட்டக்குப்பம், புதுச்சேரி. எல்லை எங்கே வந்தது என்று இப்போது மதுக்கடைகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1908-ல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 124-ஏ, அந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. முற்றம் வைத்த வீடு, வெளிச்சம் நன்றாக விழுகிறது. 'இந்தியா'வின் முகப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களும் இருக்கும். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் வழக்கமாக்கியதும் அந்தப் பத்திரிகைதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். வாசகர் யார் என்பதில் பாரதி எவ்வளவு தெளிவாக இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1908 அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து மறுபடி வரத் தொடங்கியது. ஒன்றரை வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிரெஞ்சு மண்ணில் ஆசிரியரைத் தொட முடியாத பிரிட்டிஷ் சர்க்கார் தபாலைத் தொட்டது. பத்திரிகை எல்லை தாண்டி வரத் தடை. சந்தாதாரர் எல்லாரும் அந்தப் பக்கம். அச்சடித்துக் குவித்தாலும் படிக்க ஆள் கிடையாது. 1910 மார்ச்சோடு நின்றது. அதே வருஷம் வந்த பத்திரிகைச் சட்டமோ, புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்க வழி செய்தது. ஒன்றே முக்கால் ரூபாயில் ஒரு பத்திரிகை பிறந்த நாட்டில் இது எத்தனை பேரை முளையிலேயே கிள்ளியிருக்கும்!

ஒரு பத்திரிகைக்காரரைச் சிறையில் போடாமலே வாயடைப்பது எப்படி என்பதை இந்த வீட்டில் நின்று யோசித்தால் நன்றாகப் புரிகிறது. எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. தெருமுனையில் ரகசியப் போலீஸ் நிற்கும். கடிதம் பிரித்துப் படித்த பிறகு வரும். வருமானம் கிடையாது. பத்து வருஷம் இப்படி.

புதன், கடலூர்

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 1918 நவம்பர் 20 அன்று பாரதி இந்தத் திசையில் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பர் 14 அன்று விடுதலை. அதற்காக முயன்றவர்களில் அப்போது சுதேசமித்திரன் ஆசிரியராக இருந்த ஏ. ரங்கசாமி ஐயங்காரும் ஒருவர். ஐயர் போன பிறகும் அவருடைய பத்திரிகை தன் பழைய உதவியாசிரியரைக் கைவிடவில்லை.

விடுதலை சும்மா கிடைக்கவில்லை. எழுதுவதை எல்லாம் வெளியிடுவதற்கு முன்னால் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. 1920-ல் தடைகள் நீங்கியதும் நேராகச் சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறக்கும்வரை அங்கேதான் எழுதினார்.

கேப்பர் மலையில் சிறை வாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். செம்மண் மேடு, முந்திரி, வெயில். காவலுக்கு நின்றவர், "பாரதியார் இருந்த ரூமா? அதுக்குப் பர்மிஷன் வேணும்மா, எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் அதைத் தனியாக எழுதுகிறேன். குற்றாலம் இன்னும் பாக்கி. ஐயர் அங்கே எந்த வீட்டில் தங்கியிருந்தபோது கைதானார் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டு வருகிறேன்.